மதுசூதன் கனுங்கோ
மதுசூதன் கனுங்கோ (ஏப்ரல் 1, 1927 – ஜூலை 26, 2011) மூப்படைதலை மரபணு மட்டத்தில் ஆராய்ந்த இந்திய உயிரியலாளர் ஆவார். ஒடிசாவின் பெர்ஹாம்பூரில் பிறந்த இவர், அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, வாரணாசியிலுள்ள பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராகப் பணியாற்றினார்.

ஆய்வு

முதுமை உயிரணுக்களின் வெறும் தேய்மானமா, மரபணுக்களின் கட்டுப்பாட்டில் நிகழ்வதா என்பதே இவரது ஆய்வின் அடிப்படைக் கேள்வியாகும். எலிகளின் இதயம், தசை முதலிய உறுப்புகளில் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் நொதியின் வெவ்வேறு வடிவங்களின் விகிதம் வயதோடு மாறுவதை 1968 இல் வெளியிட்டார். தேய்மானம் மட்டுமே காரணமெனில் அனைத்து வடிவங்களும் ஒருசேரக் குறையும் என எதிர்பார்க்கலாம். இனப்பெருக்கப் பருவத்திற்குப் பின் மரபணுக்களின் செயற்பாடு நிலைகுலைவதே முதுமைக்குக் காரணம் என்னும் கொள்கையை 1975 இல் முன்வைத்தார். முதுமையின் உயிர்வேதியியல் (1980), மரபணுக்களும் மூப்பும் (1994) குறித்து ஆங்கிலத்தில் நூல்கள் எழுதினார். 2005 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.