தேறலின் தூய்மைக்கு வழக்காடியவர்

புறநானூற்றுப் பாடலொன்றில், யவனர் கொணர்ந்த குளிர்ந்த நறுந்தேறலைப் பொற்கலத்திற் பருகி மகிழ்ந்திருக்குமாறு பாண்டியன் ஒருவனைப் புலவர் வாழ்த்துகின்றார். இதனை வகுப்பிற் கற்பித்த நாளொன்றில், நெடுங்காலம் வைத்திருந்தால் அத்தேறல் கெட்டுவிடாதோ என்று மாணவன் ஒருவன் வினவினான். மதுவைத் தீண்டியறியாத எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. நூல்களிற் புகுந்து தேடினேன். தேடிய இடத்தில் விடையோடு ஒரு மனிதரின் வாழ்க்கையுங் கிடைத்தது. அவரே ஜோசப் ஜேம்ஸ் பொறெஸ்ரர் என்னும் வைன் வணிகர்.

1809ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹல் துறைமுக நகரிலே ஸ்கொத்லாந்துக் குடியினரின் மைந்தராகப் பிறந்த பொறெஸ்ரர், 1831இல் போர்த்துக்கல் சென்று, போர்ட்டோ நகரில் தம் சிறிய தந்தையார் பங்காளியாயிருந்த வணிக நிலையத்திற் சேர்ந்தார். போர்ட்டோ, டூரோ நதி கடலொடு கலக்குமிடத்தில் உள்ளது. திராட்சை விளைவதோ நதியின் மேற்பகுதியிற் பாறை செறிந்த மலைச்சரிவுகளில். 1756இலேயே பொம்பால் என்னும் அமைச்சர் அந்நிலத்துக்கு எல்லை வகுத்திருந்தார். ஏனைய ஆங்கில வணிகர் பலர் நகரிலிருந்தே வாணிகம் நடத்த, பொறெஸ்ரரோ படகேறி நதிவழியே சென்றார், குடியானவரோடு பழகினார், ஓவியந் தீட்டினார், ஒளிப்படமும் எடுத்தார். டூரோ நதியையும் அதன் கரைகளையும் தாமே அளந்து அவர் வரைந்த படம் பெரும் புகழ் பெற்றது. வைன் விளையும் பகுதிக்கு அவர் வரைந்த படத்தை 1852இல் ஆங்கிலப் பாராளுமன்றத்தின் தெரிவுக்குழு மறுபதிப்புச் செய்வித்தது.

போர்ட் வைன் செய்யும் முறையை ஈண்டுச் சிறிது கூறல் வேண்டும். பழங்களை அகன்ற கற்றொட்டியில் இட்டுக் காலால் மிதித்துச் சாறெடுப்பது பழைய வழக்கம். சாறு நொதிக்கும்போது, அதன் இனிப்பு முற்றும் மாறுமுன் திராட்சையினின்று வடித்த சாராயத்தைச் சேர்த்து நொதிப்பை நிறுத்துவர். விளைவு மிகச் சிறந்த ஓராண்டின் வைனை மாத்திரம் தெரிந்தெடுத்து, இரண்டு மூன்று ஆண்டுகளிற் போத்தலில் அடைத்து, அவ்வாண்டின் பெயராலேயே வழங்குவர். அதுவே வின்டேஜ் போர்ட்.

அது போத்தலினுள்ளே இருபது, முப்பது, ஐம்பது ஆண்டுகள் முதிர்கின்றது. கருஞ்சிவப்பு நிறம் மெல்லச் செங்கல் நிறமாகின்றது, துவர்ப்பு அடங்குகின்றது, உலர்ந்த அத்திப்பழம், வாதுமை முதலியவற்றை ஒத்த மணம் எழுகின்றது. அடியில் மண்டியும் படிகின்றது. ஆதலாற் சுவைக்க விரும்புவோர் போத்தலை முதல்நாளே நிமிர்த்தி வைப்பர். மறுநாள் அதன் கழுத்தின் பின்னே மெழுகுதிரியை ஏற்றி, மண்டி கலவாதபடி வேறொரு கலத்தில் மெல்ல வடிப்பர். பின்னர் நிறத்தைக் கண்ணாலும் மணத்தை மூக்காலும் ஆராய்ந்த பின்னரே சிறிது நாவில் வைப்பர். தேறுதல் என்பது தெளிதலாகும். தெளிந்த மதுவைத் தேறல் என்ற முன்னோரின் சொல்நுட்பம் இதனை வாசித்தபோது எனக்கு நன்கு விளங்கிற்று.

ஆனால் பொறெஸ்ரர் காலத்தில், குடிப்போர் விரும்பியது தெளிவையன்று. ஆங்கில நாட்டார் கறுத்ததும் இனித்ததும் வெறி மிகுந்ததுமான வைனையே கேட்டனர். வணிகர் பலர் நிறத்துக்காக எல்டர் மரத்தின் கருங்கனிச் சாற்றையும், இனிப்புக்காகவும் வெறிக்காகவும் பிறவற்றையும் கலந்தனர். இச்செயலை வெளிப்படுத்தி, 1844இற் பொறெஸ்ரர் ஒரு சிறுநூலைத் தம் பெயர் குறியாது வெளியிட்டார். எழுதியவர் யாரென்பது நெடுநாள் மறைந்திருக்கவில்லை. உடன்வணிகர் வெகுண்டனர். தம் பிழைப்பும் அதே வாணிகத்தில் இருக்க, அவர் பின்வாங்கவில்லை. சாராயஞ் சேர்ப்பதையுங்கூட அவர் குறைகூறினார். 1855இற் போர்த்துக்கல் அரசு அவருக்குப் பாரோன் பட்டம் வழங்கியது. 1861 மே 12ஆம் நாள், டூரோ நதியின் வலெய்ரா என்னும் கடுஞ்சுழியிற் படகு கவிழ, அவர் மாண்டார். எந்நதியை அடியடியாய் அளந்தாரோ அந்நதியே அவரைக் கொண்டது. உடல் கிடைக்கவில்லை. அரையிற் கட்டியிருந்த பொற்காசுப் பை அவரை ஆழ்த்தியதென்பது செவிவழிச் செய்தி. உடன்சென்ற டோனா அந்தோனியா பெரேய்ரா என்னும் புகழ்பெற்ற தோட்ட உரிமையாளர் உயிர்தப்பினார். 1976இல் எழுந்த அணையின் நீர் அச்சுழியை மூடிவிட்டது.

இவர் வரலாற்றை வாசித்தபோது எனக்கு நாணம் உண்டாயிற்று. இளமையில் நான் பழைய நூலொன்றின் செய்யுளை இடைச்செருகலென்று சபையிற் கூறிப் பெரியோர் சிலரின் கோபத்துக்கு ஆளானேன். அடுத்தமுறை அவ்வாறொன்றைக் கண்டபோது வாளாவிருந்துவிட்டேன்.

ஆயினும் பொறெஸ்ரர் கூறியதனைத்தையும் காலம் ஏற்கவில்லை. கருங்கனிச் சாற்றை உலகம் கடிந்து ஒதுக்கியது, சாராயத்தையோ ஏற்றுக்கொண்டது. இன்று அறிஞர் போற்றும் முதிர்ந்த போர்ட் வைன், அவர் மறுத்த அச்சாராயத்தோடு கூடி முதிர்ந்ததே. நூலுக்கு உரை எழுதுவோன் தன் பெயரிட்டு வெளிப்படையாகச் சேர்க்கின்றான். இடைச்செருகல் செய்வோன் மறைத்துச் சேர்க்கின்றான். உரை மூலத்தைக் காக்கவுங் கூடும். செருகல் அதனைக் கெடுக்கும். இவ்விரண்டையும் பொறெஸ்ரர் ஒன்றாகவே கண்டு வெறுத்தார். அது அவரது பிழை. மறைவை மறைவென்று உரைக்கத் துணிந்தமை அவரது பெருமை.

மறுவாரம் அம்மாணவனுக்கு விடை கூறினேன். எல்லாத் தேறலும் நெடுங்காலம் நில்லாதென்றும், ஏற்றவாறு செய்து காக்கப்பெற்றது ஆண்டு செல்லச் செல்லச் சிறக்குமென்றும் சொன்னேன். பின்பு, அன்று நான் வாய்திறவாது விட்ட செய்யுளையும் எடுத்து, அது ஏன் இடைச்செருகலென்று கருதப்படுதற்குரியது என்பதை வகுப்புக்கு விளக்கினேன்.