நாடிழந்து மீண்ட சக்கரவர்த்தி ஹெய்லி செலாஸி

1936-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி. பொழுது விடியுமுன் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து ஒரு ரயில் ஜிபூட்டித் துறைமுகத்தை நோக்கிக் கிளம்பியது. 784 கிலோ மீட்டர் நீளமுள்ள மீட்டர் கேஜ் பாதை. பிரெஞ்சுக் கம்பெனி போட்ட அந்தப் பாதைதான் அன்று அந்த நாட்டுக்கு உலகத்தோடிருந்த ஒரே ரயில் தொடர்பு. அந்த வண்டியில் குடும்பத்தோடு பயணம் செய்தவர் சக்கரவர்த்தி ஹெய்லி செலாஸி. மூன்றாம் நாள், மே 5-ந் தேதி, முசோலினியின் படைகள் அடிஸ் அபாபாவுக்குள் புகுந்தன. மே 9-ந் தேதி ரோமாபுரியில் நின்று முசோலினி எத்தியோப்பியாவை இத்தாலியுடன் இணைத்துவிட்டதாக அறிவித்தார். இத்தாலிய மன்னர் விக்டர் இம்மானுவேலுக்கு எத்தியோப்பியச் சக்கரவர்த்திப் பட்டமும் சூட்டப்பட்டது.

நாட்டைப் பறிகொடுத்து உலகத்தின் வாசலில் நின்று நியாயம் கேட்ட அந்த மனிதரே இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொரு நாட்டைத் தம் நாட்டோடு இணைத்துக்கொண்டார். அதனால் மூண்ட போர் அவர் காலத்துக்குப் பின்னும் ஓயவில்லை. சரித்திரம் சில சமயம் ஒரே மனிதரை வாதியாகவும் பிரதிவாதியாகவும் நிறுத்திவிடுகிறது. ஹெய்லி செலாஸியின் வாழ்க்கை அப்படிப்பட்டது.

ஹராரில் பிறந்த பிள்ளை

1892-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி ஹரார் நகருக்கு அருகே எஜெர்ஸா கோரோ என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். தாஃபாரி என்பது இளமைப் பெயர். தந்தை ராஸ் மக்கோனன் ஹரார் மாகாணத்தின் கவர்னர். சக்கரவர்த்தி இரண்டாம் மெனலிக்கின் நெருங்கிய உறவினர். 1896-ல் அட்வா போர்க்களத்தில் இத்தாலியப் படையை மெனலிக் முறியடித்தபோது தாஃபாரிக்கு வயது நான்கு கூட நிரம்பவில்லை. ஐரோப்பியப் படை ஒன்றை ஆப்பிரிக்கர்கள் ஓட ஓட விரட்டிய அந்தத் தோல்வியை இத்தாலி மறக்கவே இல்லை. ஆனால் அட்வாவில் வென்ற மெனலிக், செங்கடல் ஓரமாக இத்தாலி ஏற்கெனவே பிடித்து வைத்திருந்த எரித்திரியாவை மீட்க முனையவில்லை. பின்னாள் தகராறுக்கெல்லாம் வித்து அங்கேயே விழுந்தது எனலாம்.

பதினான்காம் வயதில் தாஃபாரி தந்தையை இழந்தார். மெனலிக் 1913-ல் காலமானார். அடுத்து வந்த இயாஸு 1916-ல் பதவியிலிருந்து இறக்கப்பட, மெனலிக்கின் மகள் ஸவுதித்து அரசியானார். தாஃபாரி பட்டத்துக்கு வாரிசாகவும் அரசப் பிரதிநிதியாகவும் அமர்ந்தார். பள்ளிக்கூடங்கள் திறந்தார்; அச்சகம் நிறுவினார். 1923-ல் எத்தியோப்பியா சர்வதேச சங்கத்தில் அங்கத்தினராகச் சேர்ந்தது அவருடைய முயற்சியால்தான். அடிமை வியாபாரம் நடக்கும் நாட்டைச் சேர்க்கலாமா என்று அப்போது சிலர் ஆட்சேபித்தார்கள். அடிமை முறையை ஒழிப்பதாக வாக்குக் கொடுத்துத்தான் இடம் பெற்றார். சங்கத்தில் சேர்ந்துவிட்டால் சிறிய நாட்டுக்கும் பெரிய நாட்டுக்கும் ஒரே நியாயம் கிடைக்கும் என்று அவர் நம்பினார்.

1930 நவம்பர் 2-ந் தேதி முடிசூடியபோது ஹெய்லி செலாஸி என்ற பெயரை ஏற்றார். திரித்துவத்தின் வல்லமை என்பது அதன் பொருள்.

பொய்த்துப்போன பாதுகாப்பு

1934 டிசம்பரில் வால்வால் என்ற பாலைவனக் கிணற்றோரத்தில் இரு தரப்பு வீரர்களுக்கிடையே துப்பாக்கிச் சண்டை மூண்டது. முசோலினி தேடிக்கொண்டிருந்த சாக்கு கிடைத்துவிட்டது. 1935 அக்டோபர் 3-ந் தேதி எரித்திரியாவிலிருந்து இத்தாலியப் படைகள் எல்லை தாண்டின. சர்வதேச சங்கத்தின் 54 அங்கத்தினர்களில் 50 நாடுகள் இத்தாலியே குற்றவாளி என்று கூறின. நவம்பர் 18-ந் தேதி முதல் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது.

கேட்பதற்கு இது பெரிய தண்டனைதான். ஆனால் தடைப் பட்டியலில் பெட்ரோல் இல்லை. நிலக்கரி இல்லை. இத்தாலியக் கப்பல்கள் படைகளையும் பீரங்கிகளையும் சுமந்து சென்ற சூயஸ் கால்வாயும் மூடப்படவில்லை. முசோலினியைக் கோபப்படுத்தினால் அவர் ஹிட்லரோடு சேர்ந்துவிடுவார் என்று பிரிட்டனும் பிரான்சும் அஞ்சின. அந்த டிசம்பரில் பிரிட்டிஷ் வெளிநாட்டு மந்திரி ஹோரும் பிரெஞ்சுப் பிரதமர் லவாலும் எத்தியோப்பியாவின் பெரும் பகுதியை இத்தாலிக்கே தாரை வார்க்க ரகசியத் திட்டம் போட்டார்கள். பத்திரிகைகளில் விஷயம் கசிந்தது. மக்கள் கொதித்தெழவே ஹோர் ராஜினாமா செய்தார். ஆள்தான் மாறினார், கொள்கை மாறவில்லை.

போர்க்களத்தில் இத்தாலிய விமானங்கள் விஷவாயுவைத் தெளித்தன. அதைப் பயன்படுத்துவதில்லை என்று இத்தாலியும் கையெழுத்திட்டிருந்த ஒப்பந்தம் 1925-லேயே இருந்தது. காலில் செருப்புக் கூட இல்லாத வீரர்கள் உடல் வெந்து மடிந்தார்கள். 1936 மார்ச் 31-ந் தேதி மாய்ச்சௌ என்ற இடத்தில் சக்கரவர்த்தியே நேரில் நின்று நடத்திய போரும் தோல்வியில் முடிந்தது. அதன் பிறகுதான் அந்த ரயில் பயணம்.

இந்தியாவிலும் இந்தச் செய்தி ஆழமாகத் தைத்தது. அந்த மே மாதத்தில் காங்கிரஸ் மகாசபை அபிசீனியா தினம் கொண்டாடி அனுதாபம் தெரிவித்தது. தாமே அடிமைப்பட்டிருந்த மக்கள் இன்னொரு நாடு அடிமையாவதைப் பார்த்துக் குரல் கொடுத்தார்கள்.

ஜெனீவாவில் ஒரு நாள்

1936 ஜூன் 30-ந் தேதி ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் மேடையில் ஹெய்லி செலாஸி ஏறினார். மெலிந்த குள்ள உருவம். தோளில் கறுப்பு அங்கி. அவர் வாயைத் திறக்குமுன்பே மாடத்திலிருந்த இத்தாலியப் பத்திரிகையாளர்கள் சீழ்க்கையடித்துக் கூச்சலிட்டார்கள். போலீஸார் அவர்களை வெளியேற்றும்வரை அவர் அசையாமல் நின்றார். பிறகு தாய்மொழியான அம்ஹாரிக்கில் பேசினார். விஷவாயுவால் மக்கள் பட்ட பாட்டை விவரித்தார். எத்தியோப்பியாவின் வழக்கு மட்டுமல்ல, சிறிய நாடுகள் அனைத்தின் பாதுகாப்பும் அன்று விசாரணையில் இருப்பதாகக் கூறினார். இன்று தமக்கு நேர்ந்தது நாளை மற்றவர்களுக்கும் நேரும் என்பதே அவர் விடுத்த எச்சரிக்கையின் சாரம்.

சபை மரியாதையாகக் கேட்டது. அடுத்த மாதமே பொருளாதாரத் தடையையும் நீக்கிவிட்டது. ஜெர்மனியும் ஜப்பானும் அந்த ஆண்டிலேயே இணைப்பை அங்கீகரித்தன. 1938-ல் பிரிட்டனும் பிரான்சும் அதே வழியில் சென்றன. அமெரிக்கா, சோவியத் ரஷ்யா, மெக்சிகோ போன்ற சில நாடுகள் மட்டும் கடைசிவரை அங்கீகரிக்க மறுத்தன. இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் பணத் தட்டுப்பாட்டோடு சக்கரவர்த்தி நான்கு ஆண்டுகள் தங்கியிருந்தார். தாயகத்தில் 1937 பிப்ரவரியில் இத்தாலிய வைஸ்ராய் கிராஸியானி மீது குண்டு வீசப்பட்டதற்குப் பழியாக ஆயிரக்கணக்கானவர்கள் வெட்டியும் சுட்டும் எரித்தும் கொல்லப்பட்டார்கள்.

இந்தியச் சிப்பாய்கள் சிந்திய ரத்தம்

1940 ஜூனில் இத்தாலி உலகப் போரில் குதித்ததும் காற்று திசை மாறியது. பிரிட்டனுக்குத் திடீரென்று ஹெய்லி செலாஸி தேவைப்பட்டார். 1941 ஜனவரியில் சூடான் வழியாக அவர் மீண்டும் தாயகத்து மண்ணை மிதித்தார்.

அவர் மீண்டதில் இந்தியர்களுக்குப் பெரும் பங்குண்டு. எரித்திரியாவில் கெரன் என்ற மலைக் கோட்டை போன்ற ஊரைப் பிடிக்க நான்காவது, ஐந்தாவது இந்திய டிவிஷன்கள் 1941 பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் 27 வரை போராடின. அங்கே உயிர் கொடுத்த சுபேதார் ரிச்பால் ராமுக்கு மறைவுக்குப் பின் விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. எத்தியோப்பிய எல்லையில் நான்கு நாட்கள் தூக்கமின்றி 55 மைல் பாதையில் 15 கண்ணிவெடி வயல்களை அகற்றிய பம்பாய் ஸாப்பர்ஸ் இளம் அதிகாரி பிரேமீந்திர சிங் பகத்தும் அதே விருதைப் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் அதைப் பெற்ற முதல் இந்திய அதிகாரி அவர்தான்.

1941 மே 5-ந் தேதி, தலைநகரம் பறிபோன அதே நாளில், சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, சக்கரவர்த்தி அடிஸ் அபாபாவுக்குள் நுழைந்தார். சரணடைந்த இத்தாலியர்களைப் பழிவாங்க வேண்டாம் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். உலகம் அவரைப் புகழ்ந்தது. அந்தப் புகழுக்கு அவர் தகுதியானவரே.

எரித்திரியா என்ற இன்னொரு வீடு

போர் முடிந்தது. இத்தாலியிடமிருந்து கைப்பற்றிய எரித்திரியா பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தில் இருந்தது. மேட்டு நிலத்தில் கிறிஸ்தவர்கள், தாழ்நிலத்தில் முஸ்லிம்கள். திக்ரிஞ்யா, அரபு ஆகியவை முக்கிய மொழிகள். மசாவாத் துறைமுகத்திலிருந்து மலையேறி அஸ்மாராவுக்குப் போக நம் மீட்டர் கேஜைவிடச் சற்றே குறுகிய ரயில் பாதையை இத்தாலியர்கள் 1911-லேயே முடித்திருந்தார்கள். எத்தியோப்பியாவோடு சேரவேண்டும் என்றவர்களும் அங்கே இருந்தார்கள், தனி நாடு வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். கடற்கரை இல்லாத எத்தியோப்பியாவுக்கோ செங்கடல் துறைமுகம் தேவைப்பட்டது.

1950 டிசம்பர் 2-ந் தேதி ஐ.நா. பொதுச் சபை ஒரு நடுவழியைக் கண்டது. எத்தியோப்பிய மகுடத்தின் கீழ் எரித்திரியா சுயாட்சியுள்ள பகுதியாகக் கூட்டாட்சியில் இணையும். சொந்தச் சட்டசபை, சொந்தக் கொடி, சொந்த மொழிகள். ஆதரவு 46, எதிர்ப்பு 10. 1952 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. இந்த ஏற்பாட்டை ஒரு தரப்பு மீறினால் பொதுச் சபை அதைக் கவனிக்க முடியும் என்று ஐ.நா. கமிஷனர் தம் இறுதி அறிக்கையில் தெளிவாகவே எழுதி வைத்தார்.

ஆனால் சக்கரவர்த்திக்கோ கூட்டாட்சி என்பது இணைப்புக்கு முந்திய ஒரு படி மட்டுமே. ஒவ்வொரு கல்லாகப் பெயர்க்கப்பட்டது. கட்சிகள் தடை செய்யப்பட்டன. திக்ரிஞ்யா, அரபு மொழிகளை ஒதுக்கிவிட்டு அம்ஹாரிக் ஆட்சிமொழியாக்கப்பட்டது. 1958-ல் தொழிலாளர்கள் செய்த பொது வேலைநிறுத்தம் துப்பாக்கியால் ஒடுக்கப்பட்டது. அந்த ஆண்டு முடிவில் எரித்திரியக் கொடி இறங்கியது. 1962 நவம்பர் 14-ந் தேதி படைகளின் காவலுக்கு நடுவே அஸ்மாரா சட்டசபை கலைந்தது. எரித்திரியா எத்தியோப்பியாவின் பதினான்காவது மாகாணமாயிற்று.

உலகம் என்ன செய்தது?

ஒன்றும் செய்யவில்லை. தானே எழுதிய தீர்மானம் கிழிந்ததை ஐ.நா. சபை விவாதிக்கக்கூட இல்லை. அஸ்மாராவில் காக்னியூ என்ற ராணுவத் தொடர்பு நிலையத்தை 1953 ஒப்பந்தத்தின்படி நடத்திவந்த அமெரிக்கா, ஆப்பிரிக்காவுக்குக் கொடுத்த ராணுவ உதவியில் பெரும் பங்கை எத்தியோப்பியாவுக்கே அளித்தது. இஸ்ரேலும் துணை நின்றது. 1963-ல் ஆப்பிரிக்க ஒற்றுமை ஸ்தாபனம் அடிஸ் அபாபாவிலேயே பிறந்தது. சுதந்திரம் பெற்றபோதிருந்த எல்லைகளை யாரும் மாற்றக்கூடாது என்று 1964-ல் கெய்ரோவில் அது முடிவு செய்தது. ஒரு பிரிவினையை ஆதரித்தால் தம் வீட்டிலும் தீப்பிடிக்கும் என்று ஆப்பிரிக்கத் தலைவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் எரித்திரியர்களுக்கு முறையிட வாசல் எதுவும் மிஞ்சவில்லை.

வாசல் அடைபட்டால் மனிதர்கள் மலையேறுகிறார்கள். 1960-ல் கெய்ரோவில் எரித்திரிய விடுதலை முன்னணி உருவாகியிருந்தது. 1961 செப்டம்பர் 1-ந் தேதி ஹமித் இத்ரிஸ் அவாதே ஒரு சிறு கூட்டத்தோடு முதல் துப்பாக்கியை வெடித்தார். சிரியா, ஈராக், சூடான் போன்ற நாடுகள் உதவின. சீனாவும் கியூபாவும் சிலருக்குப் பயிற்சி அளித்தன. 1967-ல் கிராமங்கள் எரிய, மக்கள் கூட்டம் கூட்டமாகச் சூடானுக்கு ஓடினார்கள். 1969-ல் பிராங்பர்ட் விமான நிலையத்தில் நின்ற எத்தியோப்பிய விமானத்தில் குண்டு வெடித்தது. 1970 டிசம்பரில் எரித்திரியாவில் ராணுவச் சட்டம் அமுலாயிற்று. அதே மாதத்தில் கெரனுக்கு அருகேயுள்ள ஓனா கிராமத்தில் நூற்றுக்கணக்கான சாதாரண மக்களை எத்தியோப்பியப் படைகள் கொன்றன. அந்த மக்களையும் இத்தாலியரிடமிருந்து விடுவிக்கத்தான் இந்தியச் சிப்பாய்கள் அதே கெரனில் உயிர் விட்டிருந்தார்கள்.

சக்கரவர்த்தி ராஜதந்திரத்தில் மட்டும் சளைக்கவில்லை. 1971-ல் பீகிங்குக்குப் போனார். அதன் பின் போராளிகளுக்குச் சீனா செய்த உதவி நின்றது. 1972-ல் சூடான் அரசுக்கும் தென்பகுதிப் போராளிகளுக்கும் சமரசம் செய்து வைத்தார். அந்த ஒப்பந்தம் கையெழுத்தானதும் அடிஸ் அபாபாவில்தான். தென் சூடானுக்குச் சுயாட்சி வாங்கித் தந்தவர், தம் ஆட்சியிலுள்ள எரித்திரியாவுக்கு அதைத் திருப்பித் தர முன்வரவில்லை.

கடைசிக் காட்சி

1973-ல் வோலோ மாகாணத்தில் பஞ்சம் பல்லாயிரம் உயிர்களைக் குடித்தது; அரசாங்கம் அதை மறைக்கப் பார்த்தது. எரித்திரியப் போரில் சலிப்புற்ற பட்டாளத்தில் கலகம் மூண்டது. 1974 செப்டம்பர் 12-ந் தேதி ராணுவ அதிகாரிகள் அவரைப் பதவியிலிருந்து நீக்கி, சிறிய வோக்ஸ்வாகன் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 1975 ஆகஸ்ட் 27-ந் தேதி அவர் இறந்தார். நோயால் இறந்ததாக ராணுவ அரசு சொன்னது; கொலை என்பது பின்னாள் விசாரணைகளில் வெளிவந்தது. அரண்மனை வளாகத்தில் புதைக்கப்பட்டிருந்த எலும்புகள் 1992-ல்தான் கிடைத்தன. 2000-ம் ஆண்டு நவம்பரில் திரித்துவ தேவாலயத்தில் முறைப்படி அடக்கம் நடந்தது.

எரித்திரியப் போர் 1991 மே மாதம் போராளிகள் அஸ்மாராவுக்குள் நுழையும்வரை, முப்பது ஆண்டுகள் நீடித்தது. 1993-ல் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ எல்லாருமே சுதந்திரத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். போரில் தண்டவாளமே பெயர்க்கப்பட்டுப் பாழாகியிருந்த மசாவா - அஸ்மாரா ரயில் பாதையை, ஓய்வு பெற்ற பழைய ரயில்வேத் தொழிலாளர்களைக் கூட்டி அந்தப் புதிய நாடு மறுபடியும் போட்டது. எத்தியோப்பியா மறுபடியும் கடற்கரை இல்லாத நாடாயிற்று.

ஹெய்லி செலாஸி கொடியவர் அல்லர். பள்ளிகளும் பல்கலைக்கழகமும் தந்தவர். அந்தப் பள்ளிகளில் பாடம் சொல்லத் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் போன ஆசிரியர்கள் பலர். ஆனால் ஜெனீவாவில் அவர் கேட்ட நியாயத்தை அஸ்மாராவில் பிறர் கேட்டபோது அவர் காதில் அது விழவில்லை. உலகத்தின் காதிலும் விழவில்லை. முதல் மௌனத்துக்கு உலகப் போர் விலையாயிற்று. இரண்டாவது மௌனத்துக்கு முப்பதாண்டுப் போரை எரித்திரியர்களும் எத்தியோப்பியர்களும் விலையாகக் கொடுத்தார்கள்.