எமிலி கேட்ட சோப்பு

சோப்பு ஓர் ஆடம்பரப் பொருள். 1901 ஜனவரியில், தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டைன் நகருக்கு வெளியே இருந்த முகாமில் பிரிட்டிஷ் அதிகாரிகள் சொன்ன பதில் இது. முகாமில் சுமார் 2,000 பேர் கூடாரங்களில் அடைந்து கிடந்தார்கள். அதில் 900 பேர் குழந்தைகள். ரேஷன் பட்டியலில் சோப்பு இல்லை. ஏன் இல்லை என்று கேட்டவர் 40 வயதுப் பெண் ஒருவர். பெயர் எமிலி ஹாப்ஹவுஸ். அரசுப் பதவி எதுவும் கிடையாது. டாக்டர் கிடையாது, நர்ஸும் கிடையாது. அதிகாரிகளும் இங்கிலாந்துக்காரர்கள், அவரும் இங்கிலாந்துக்காரர். கூடாரத்தில் இருந்தவர்கள்தான் எதிரி நாட்டுப் பெண்களும் பிள்ளைகளும்.

போயர் போர்னு சொன்னா நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ஒரே வரிதான்: காந்தி அதில் ஆம்புலன்ஸ் படை நடத்தினார். அந்த வரிக்குப் பின்னாடி எவ்வளவு இருக்குன்னு எமிலியோட வாழ்க்கையைப் படிச்சாதான் தெரியுது.

1860 ஏப்ரல் 9. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் செயின்ட் ஐவ் என்ற சின்ன கிராமத்தில் பிறந்தார். அப்பா அங்கே பாதிரியார். தம்பி லியனார்ட் ஆக்ஸ்ஃபோர்டு போய்ப் படித்துப் பெரிய சமூகவியல் அறிஞர் ஆனார். எமிலிக்கு பெரும்பாலும் வீட்டுப் படிப்புதான். அம்மா இறந்த பிறகு அப்பாவைப் பார்த்துக்கொள்வதே வேலை. 1895ல் அப்பாவும் போன பிறகு, 35 வயதில்தான் வீட்டை விட்டு வெளியே வந்தார். அமெரிக்காவின் மினசோட்டாவில் இருந்த கார்ன்வால் சுரங்கத் தொழிலாளிகளுக்கு மத்தியில் சமூக வேலை செய்யப் போனார். அங்கே ஒருவரோடு நிச்சயம் ஆனது. மெக்ஸிகோவில் நிலம் வாங்கினார், பணம் போனது, கல்யாணமும் நின்றுபோனது. 1898ல் இங்கிலாந்து திரும்பினார். அடுத்த வருஷம் போர்.

போர் யாருக்கும் யாருக்கும்? டிரான்ஸ்வால், ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் என்ற இரண்டு குட்டிக் குடியரசுகள் ஒரு பக்கம். டச்சு வம்சாவளி விவசாயிகளான போயர்களின் நாடுகள் அவை. மறுபக்கம் பிரிட்டிஷ் பேரரசு. டிரான்ஸ்வாலில் தங்கம் இருந்தது என்பதைத் தனியா சொல்லணுமா? 1899 அக்டோபர் 11ல் போர் தொடங்கியதும் போயர் படைகள் எல்லை தாண்டி பிரிட்டிஷ் பகுதிக்குள் வந்து லேடிஸ்மித், கிம்பர்லி, மாஃபெகிங் நகரங்களை முற்றுகையிட்டன. லேடிஸ்மித் 118 நாள், கிம்பர்லி 124 நாள், மாஃபெகிங் 217 நாள். இந்த ஊர்களுக்குள் பட்டாளம் மட்டுமா இருந்தது? கடைக்காரர்கள், சுரங்கத் தொழிலாளிகள், குழந்தைகள் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள்.

நம்ம துறை ஆட்களுக்காக ஒரு கிளைக்கதை. கிம்பர்லியில் டி பியர்ஸ் வைரக் கம்பெனியின் தலைமை எஞ்சினியர் ஜார்ஜ் லேப்ரம், அமெரிக்கர். முற்றுகைக்குள்ளேயே, சுரங்க ஒர்க்ஷாப்பில் கிடைத்த இரும்பை வைத்து லாங் செசில் என்ற பீரங்கியை வடிவமைத்துச் செய்துவிட்டார். அது வெளியே இருந்த போயர்களைத் தாக்க ஆரம்பித்தது. பதிலுக்கு அவர்கள் லாங் டாம் என்ற பெரிய பீரங்கியைக் கொண்டுவந்து ஊருக்குள்ளேயே குண்டு போட்டார்கள். 1900 பிப்ரவரி 9ல் அந்தக் குண்டு ஒன்று ஹோட்டல் அறையில் இருந்த லேப்ரமையே கொன்றது. அடுத்த சில நாட்கள் ஊர்ப் பெண்களையும் குழந்தைகளையும் ஆயிரக்கணக்கில் வைரச் சுரங்கத்துக்குள் இறக்கி உட்கார வைத்திருந்தார்கள். ஆக, பொதுமக்கள் மேல் கை வைத்தது ஒரு தரப்பு மட்டும் என்று சொல்ல முடியாது. ஆனா அளவு ஒண்ணு இல்ல. அதையும் சொல்லணும்.

1900 நடுவில் பிரிட்டிஷ் படை இரண்டு தலைநகரங்களையும் பிடித்துவிட்டது. போயர்கள் சரணடையவில்லை. குதிரையில் வந்து அடித்துவிட்டு மறையும் கொரில்லாப் போர் தொடங்கியது. அவர்களுக்குச் சாப்பாடும் தகவலும் எங்கிருந்து வருகிறது? பண்ணை வீடுகளில் இருந்து. சரி, பண்ணையையே கொளுத்திவிடு. சுமார் 30,000 வீடுகள் எரிந்தன. நாடு முழுக்க முள்கம்பி இழுத்து, நடுநடுவே சுமார் 8,000 காவல் கொத்தளங்கள் கட்டினார்கள். வீடு இழந்த பெண்கள், குழந்தைகள், வயசானவர்களை ரயிலில் ஏற்றி முகாம்களில் தள்ளினார்கள். கான்சன்ட்ரேஷன் கேம்ப் என்ற ஆங்கில வார்த்தை உலகம் முழுக்கப் பரவியது இந்த முகாம்களால்தான், ஹிட்லருக்கு 30 வருஷத்துக்கு முன்பே.

எமிலி ஒரு நிவாரண நிதி தொடங்கி, 1900 டிசம்பரில் கப்பல் ஏறினார். கிளம்பும்போது ஒரே ஒரு முகாம் இருப்பதாகத்தான் அவருக்குத் தெரியும். கேப் டவுனில் இறங்கிய பிறகுதான் பல இடங்களில் இருப்பது தெரிந்தது. அவருடைய சித்தப்பா லார்ட் ஹாப்ஹவுஸ், இந்தியாவில் வைஸ்ராய் கவுன்சிலில் சட்ட உறுப்பினராக இருந்தவர். அந்தக் குடும்பச் செல்வாக்கில் கவர்னர் மில்னரைச் சந்திக்க முடிந்தது. ரெண்டு ரயில் வேகன் பொருள் கொண்டுபோக மில்னர் சரி என்றார். தளபதி கிச்சனர் அதை ஒரு வேகன், அதுவும் புளூம்ஃபொன்டைன் வரை மட்டும் என்று குறைத்தார். 12 டன் துணியும் உணவும் ஏற்றிக்கொண்டு எமிலி போனார்.

அவர் அங்கே செய்ததைப் பார்த்தால் ஏதோ சைட் இன்ஸ்பெக்ஷன் மாதிரி இருக்கும். ஒரு கூடாரத்தில் எத்தனை பேர்? படுக்க வைக்கோல் இருக்கா? ஒரு ஆளுக்கு எவ்வளவு தண்ணி? காய்ச்ச விறகு உண்டா? இல்லை. தண்ணீர் மோசம், டைபாய்டு இருக்கிறது, ஆனால் காய்ச்ச எரிபொருள் போதாது. கணவன் இன்னும் போரில் இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு ரேஷன் குறைவு என்ற விதியும் ஆரம்பத்தில் இருந்தது. பிள்ளையைப் பட்டினி போட்டால் அப்பன் வந்து சரணடைவான் என்ற கணக்கு.

இதில் எனக்கு ஜீரணிக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. அதே புளூம்ஃபொன்டைனில், சில மாசத்துக்கு முன்னாடிதான் போயர்கள் நகரத்தின் நீரேற்று நிலையத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கெட்ட தண்ணீரால் பிரிட்டிஷ் சிப்பாய்களே ஆயிரக்கணக்கில் டைபாய்டில் விழுந்தார்கள். அந்தப் போரில் செத்த பிரிட்டிஷ் வீரர்கள் சுமார் 22,000 பேரில் பாதிக்கு மேல் குண்டில் சாகவில்லை, நோயில் செத்தார்கள். தண்ணீர் என்ன செய்யும் என்று அந்த ராணுவத்துக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சும்தான்.

எமிலி வேறு முகாம்களுக்கும் போய்விட்டு ஏப்ரலில் திரும்பி வந்தபோது புளூம்ஃபொன்டைன் முகாம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகியிருந்தது. இங்கே நின்று கஞ்சி ஊற்றினால் பத்தாது, லண்டனில் போய்ச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தார். 1901 ஜூனில் அவர் அறிக்கை வெளியானது. எதிர்க்கட்சித் தலைவர் கேம்பெல்-பேனர்மேன் அவரிடம் நேரில் கேட்டுவிட்டு, தன் நாட்டின் போர்முறை காட்டுமிராண்டித்தனம் என்று பொதுமேடையில் சொன்னார். பத்திரிகைகள் எமிலியைத் துரோகி என்றன. கூட்டம் நடத்த அரங்கம் தர மறுத்தார்கள்.

வாட்ஸ்அப் இல்லாத காலத்திலும் ஒரு ஃபோட்டோ சண்டை நடந்தது. முகாமில் எமிலி பார்த்த லிஸி வான் ஸைல் என்ற ஏழு வயதுச் சிறுமி, எலும்பும் தோலுமாகக் கிடந்து 1901 மே மாதம் இறந்துபோனாள். அவளுடைய படம் வெளியே வந்ததும், பிள்ளையைப் பட்டினி போட்டது அவளோட அம்மாதான், அதற்காக வழக்கு போட எடுத்த படம் இது என்று மறுபக்கம் கதை கட்டியது. ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கோனன் டாயில்கூட அதைத் தன் பிரசுரத்தில் எழுதினார். எமிலி ஒவ்வொருவராக விசாரித்தார். அப்படி ஒரு வழக்கே இல்லை. துப்பறியும் கதை எழுதினவரைவிட இவர்தான் ஒழுங்காகத் துப்பறிந்தார்.

அக்டோபரில் மறுபடி கப்பல் ஏறினார். கேப் டவுனில் இறங்க விடவில்லை. ராணுவச் சட்டம். தானாக நடந்து போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். சிப்பாய்கள் தூக்கிக்கொண்டு போய் வேறு கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். எதிரி நாட்டில் இல்லை, தன் நாட்டு ராணுவத்தின் கையில்.

இதற்கிடையே அரசு, எமிலியைச் சேர்க்காமல், மில்லிசென்ட் ஃபாசெட் தலைமையில் பெண்கள் மட்டுமே கொண்ட விசாரணைக் குழுவை அனுப்பியிருந்தது. ஃபாசெட் எமிலியின் அறிக்கையை வெளிப்படையாகக் குறை சொன்னவர். ஆனால் நேரில் போய்ப் பார்த்த குழு கிட்டத்தட்ட அவர் சொன்னதையே சொன்னது. முகாம்கள் ராணுவத்திடம் இருந்து சிவில் நிர்வாகத்துக்கு மாறின. இப்போ டேட்டாவைப் பாருங்க. 1901 அக்டோபரில் இறப்பு விகிதம், ஆண்டுக் கணக்கில், 1,000 பேருக்கு 344. 1902 பிப்ரவரியில் 69. பிறகு 20. தண்ணீர், டாக்டர், சாப்பாடு சரியானது, அவ்வளவுதான். அதற்குள் சுமார் 28,000 போயர் மக்கள் செத்திருந்தார்கள். அதில் 22,000 பேர் 16 வயதுக்குக் கீழே. போர்க்களத்தில் செத்த போயர் வீரர்களைவிட இந்தக் குழந்தைகள் பல மடங்கு.

இந்த எண்ணிக்கையில் வராதவர்களும் உண்டு. அதே பண்ணைகளில் வேலை செய்த கறுப்பின மக்களையும் பிடித்து 60க்கு மேற்பட்ட தனி முகாம்களில் போட்டார்கள். அங்கே பதிவான இறப்பே 14,000க்கு மேல். உண்மையில் 20,000 தாண்டும் என்பது வரலாற்று ஆய்வாளர்கள் கணிப்பு. இது அவர்களுடைய சண்டையே இல்லை. எமிலி அந்த முகாம்களுக்குப் போகவில்லை. அங்கே மரணம் அதிகம், யாராவது போய்ப் பாருங்கள் என்று எழுதியதோடு சரி. ஃபாசெட் குழுவும் போகவில்லை. எமிலி மேல எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும், இந்த இடத்தைத் தாண்டிப் போக மனசு வரல. எண்ணியதால்தான் ஒரு கூட்டம் காப்பாற்றப்பட்டது. இன்னொரு கூட்டத்தை எண்ண ஆள் இல்லை.

போர் 1902 மே 31ல் முடிந்தது. எமிலி திரும்பிப் போய், எரிந்த பண்ணைகளின் பெண்களுக்கு நூற்பும் நெசவும் கற்றுத்தரும் பள்ளிகளை 1905ல் ஃபிலிப்போலிஸில் தொடங்கினார். உடம்பு கெட்டு 1908ல் கிளம்பும் வரை அதுதான் வேலை. 1913 டிசம்பர் 16ல் புளூம்ஃபொன்டைனில் பெண்கள் நினைவுச்சின்னம் திறந்தார்கள். மடியில் செத்த குழந்தையோடு ஒரு தாய் உட்கார்ந்திருக்கும் சிலை அங்கே இருக்கிறது. ஸ்பிரிங்ஃபொன்டைனில் எமிலி கண்ணால் பார்த்துச் சொன்ன காட்சி. திறந்து வைக்க வந்தவர் இதய நோயால் பாதி வழியில் திரும்பிவிட்டார். அவர் உரையை வேறொருவர் வாசித்தார். இப்போது சுதந்திரம் பெற்றவர்கள் அதை மற்ற இனங்களுக்கு மறுக்கக் கூடாது என்பதும், கறுப்பினத்தவர் சாவும் அந்த உரையில் இருந்தன. பின்னாளில் மறுபதிப்பு போட்டவர்கள் அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்கள்.

அதே நாட்களில்தான் காந்தியின் சத்தியாக்கிரகம் உச்சத்தில் இருந்தது. நம்ம தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போன போராட்டம். தென்னாப்பிரிக்காவில் இருந்த எமிலி, தனக்குத் தெரிந்த பழைய போயர் தளபதி ஸ்மட்ஸுக்குக் கடிதம் எழுதி இந்தியர் பக்கம் பேசினார். காந்தியும் அவரை நேரில் சந்தித்தார், கடைசி வரை மறக்கவில்லை.

பிறகு உலகப் போர். ஜெர்மன் விமானத் தாக்குதல்களில் பிரிட்டனில் சுமார் 1,400 பொதுமக்கள் செத்தார்கள். 1917ல் லண்டன் பாப்லரில் ஒரு பள்ளியில் விழுந்த குண்டில் மட்டும் 18 குழந்தைகள். அந்தப் பக்கம், பிரிட்டிஷ் கடற்படை முற்றுகையால் ஜெர்மனியில் லட்சக்கணக்கான பேர் பசியிலும் நோயிலும் போனார்கள். போர் நடக்கும்போதே, 1916ல், எமிலி ஸ்விட்சர்லாந்து வழியாக பெர்லின் போய் வெளியுறவு அமைச்சரைச் சந்தித்தார். ரூலேபென் முகாமில் அடைபட்டிருந்த பிரிட்டிஷ் பொதுமக்களையும் பார்த்தார். ஊர் திரும்பியதும் அதே பழைய பட்டம், துரோகி. போர் முடிந்ததும் லைப்ஸிக் நகருக்குப் போய் ஆயிரக்கணக்கான பள்ளிக் குழந்தைகளுக்குத் தினமும் சாப்பாடு போட ஏற்பாடு செய்தார். அதற்குப் பணம் அனுப்பியவர்களில் தென்னாப்பிரிக்கப் போயர்களும் உண்டு. முகாமில் பிழைத்த பிள்ளைகள் அப்போது பெரியவர்களாகி இருப்பார்கள் இல்லையா.

கையில் காசில்லாமல் இருந்த எமிலிக்கு 1921ல் அதே மக்கள் சில்லறை சில்லறையாக 2,300 பவுண்டு சேர்த்து அனுப்பினார்கள், கார்ன்வாலில் கடலோரமாக ஒரு வீடு வாங்கச் சொல்லி. 1926 ஜூன் 8ல் லண்டனில் இறந்தார். சொந்த நாட்டில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அஸ்தியைத் தென்னாப்பிரிக்கா கேட்டு வாங்கி, அந்த நினைவுச்சின்னத்தின் அடியில் வைத்தது.

அதோடு விட்டிருக்கலாம். 1970களில் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு பிரான்ஸிடம் மூன்று நீர்மூழ்கிக் கப்பல் வாங்கியது. டார்பிடோ எல்லாம் வைத்த போர்க்கப்பல். அதில் ஒன்றுக்கு வைத்த பெயர் எமிலி ஹாப்ஹவுஸ்.