எழுத்துக்கு எழில் தந்த பாஸ்கர்வில்

நாம் நாள்தோறும் நூல்களைப் படிக்கின்றோம். ஆயினும் அச்செழுத்துகளுக்கு வடிவம் தந்தவர்களை நினைப்பதில்லை. அவர்களுள் ஒருவரே ஜான் பாஸ்கர்வில்.

இவர் 1706ஆம் ஆண்டு இங்கிலாந்தில் உல்வர்லி என்னும் சிற்றூரில் பிறந்தார். பர்மிங்காம் நகரில் கையெழுத்துக் கற்பித்தார். கல்லறைக் கற்களில் எழுத்துப் பொறித்தார். பின்னர் மெருகுப் பூச்சிட்ட பொருள்களைச் செய்து விற்றுச் செல்வம் ஈட்டினார். அச்செல்வத்தை அழகிய ஆங்கில அச்செழுத்துகளை உருவாக்கச் செலவிட்டார். மெல்லிய கோடும் தடித்த கோடும் தெளிவாக வேறுபடும் புதிய எழுத்துகளை வார்ப்பித்தார். அவை பொலிவுடன் பதியும் வண்ணம் மை, தாள், அச்சுப்பொறி ஆகியவற்றையும் சீர்செய்தார். 1757இல் இலத்தீன் கவிஞர் வர்ஜிலின் பாடல்களையும், 1763இல் விவிலிய நூலையும் அச்சிட்டார்.

ஆனால், அவ்வெழுத்துகள் கண்ணைக் கெடுக்கும் எனச் சிலர் பழித்தனர். அச்சுத் தொழிலில் அவருக்கு ஆதாயமும் கிட்டவில்லை. எனினும் அவர் தரத்தைக் குறைக்கவில்லை. 1775இல் அவர் மறைந்தபின், அவ்வெழுத்துகள் பிரான்சு நாட்டிற்கு விற்கப்பட்டன. காலப்போக்கில் உலகம் அவற்றை மறந்தது.

ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தன. 1923இல் மோனோடைப் நிறுவனம் அவ்வடிவத்திற்குப் புத்துயிர் அளித்தது. இன்று கணினியிலும் அவர் பெயராலேயே அவ்வெழுத்து வழங்குகின்றது.

செம்மையாகச் செய்த பணி ஒருநாள் மதிக்கப்படும். நாமும் நம் கடமைகளைச் செம்மையுறச் செய்வோமாக!