மதீனாவின் இமாம் மறுத்த இரண்டு ஆணைகள்

நம் பள்ளிவாசல்களில் அடிக்கடி காணும் காட்சிதான். ஸுப்ஹு தொழுகையின் இரண்டாம் ரக்அத்தில் இமாம் கைகளை உயர்த்தி குனூத் ஓதுகிறார். வெளியூரிலிருந்து வந்த ஹனஃபி சகோதரர் பின்வரிசையில் கைகளைத் தொங்கவிட்டபடி அமைதியாக நிற்கிறார். ஸலாம் கொடுத்ததும் இருவரும் முஸாஃபஹா செய்துகொண்டு கலைகிறார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ, உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் ஹனஃபி, இலங்கையில் பெரும்பாலும் ஷாஃபிஈ. இதெல்லாம் தானாக அமைந்துவிட்டது என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் ஏறத்தாழ 1250 ஆண்டுகளுக்கு முன், முஸ்லிம்கள் அனைவருக்கும் ஒரே சட்டப் புத்தகம் என்று ஆணையிட ஒரு கலீஃபா தயாராக இருந்தார். அதைத் தடுத்தவர் அந்தப் புத்தகத்தை எழுதியவரேதான். அதற்குச் சில காலம் முன்பு, மார்க்கத்தின் ஒரு தீர்ப்பைச் சொன்னதற்காக அதே ஆட்சியின் ஆளுநர் ஒருவரிடம் சவுக்கடி பட்டவரும் அவரே. இமாம் மாலிக் இப்னு அனஸ் (ரஹ்) அவர்களின் வாழ்க்கையில் இந்த இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

ஹிஜ்ரி 93-ல் மதீனாவில் பிறந்தார்கள் என்பதே பிரபலமான கருத்து. யமனின் அஸ்பஹ் கோத்திரத்து வழியில் வந்த குடும்பம். பாட்டனார் ஹதீஸ் அறிவித்த தாபிஈ. அண்ணன் நள்ர் துணி வியாபாரம் செய்தார், படிப்பிலும் முந்திக்கொண்டார். அதனால் தொடக்கத்தில் மாலிக் என்றால் யாருக்கும் தெரியாது, நள்ருடைய தம்பி என்றால்தான் தெரியும். மகனுக்குத் தலைப்பாகை கட்டிவிட்டு, ரபீஆவிடம் போய் அவருடைய கல்விக்கு முன் அவருடைய ஒழுக்கத்தைக் கற்றுக்கொள் என்று அனுப்பிவைத்த தாயைப் பற்றி நம் வீடுகளில் பலரும் கேட்டிருப்பார்கள்.

இப்னு உமர் (ரலி) அவர்களிடம் வளர்ந்த நாஃபிஉ, இப்னு ஷிஹாப் ஸுஹ்ரி, இமாம் ஜஅஃபர் ஸாதிக் என்று மதீனாவின் பெரியவர்கள் அனைவரிடமும் மாலிக் கற்றார்கள். நாஃபிஉ வீட்டைவிட்டு வெளியே வரும் நேரத்துக்காக உச்சி வெயிலில் நிழலில்லாத இடத்தில் காத்து நிற்பார்களாம். கையில் பணமில்லாமல் வீட்டுக் கூரை மரத்தை விற்றுப் படித்த காலமும் உண்டு. எழுபது அறிஞர்கள் தகுதியானவர் என்று சாட்சி சொன்ன பிறகே ஃபத்வா கொடுக்க உட்கார்ந்ததாகத் தாமே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். உட்கார்ந்த பிறகும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடவில்லை. ஒரு முறை 48 கேள்விகள் கேட்கப்பட்டு, அவற்றில் 32-க்குத் தெரியாது என்று பதில் சொன்னதை மாணவர் ஒருவர் பதிவு செய்திருக்கிறார். கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் ஃபத்வா தேடும் நமக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும்.

ஹிஜ்ரி 132-ல் உமையாக்களின் ஆட்சி விழுந்து அப்பாஸிகள் வந்தார்கள். இரண்டாவது கலீஃபா அபூ ஜஅஃபர் மன்சூர் கெட்டிக்காரர், கடுமையானவர். பைஅத் என்னும் விசுவாசப் பிரமாணத்தை அந்த ஆட்சி வாங்கிய விதம்தான் நம் கதைக்கு முக்கியம். ஆட்சியாளருக்குக் கட்டுப்படுவேன் என்று கையைக் கொடுத்தால் மட்டும் போதாது. இந்தப் பிரமாணத்தை முறித்தால் என் மனைவி தலாக், என் அடிமைகள் விடுதலை, என் சொத்து தர்மம், கால்நடையாக ஹஜ் செல்லவும் கடமைப்பட்டவன் என்ற பொருளில் சத்தியம் செய்ய வேண்டும். அரசியலில் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வீட்டில் மனைவி ஹராம். குடும்பத்தையே பிணையாக வைத்து வாங்கிய விசுவாசம் அது.

இந்த நிலையில் இமாம் மாலிக் ஒரு மஸ்அலாவைப் பாடம் நடத்திவந்தார்கள்: நிர்ப்பந்தத்தின் பேரில் சொல்லப்பட்ட தலாக் செல்லாது.

முவத்தாவில் இதற்கு ஒரு சம்பவமே இருக்கிறது. ஸாபித் என்பவர், காலஞ்சென்ற ஒருவரின் பிள்ளையைப் பெற்றிருந்த அடிமைப் பெண்ணை மணமுடித்திருந்தார். அந்தக் குடும்பத்து மகனுக்கு இது பிடிக்கவில்லை. ஸாபித்தை வீட்டுக்கு அழைத்தார். உள்ளே போனால் சவுக்குகள் எடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன, இரும்பு விலங்குகள் தயாராக இருக்கின்றன, இரண்டு அடிமைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். தலாக் சொல், இல்லையென்றால் நடப்பதைப் பார் என்கிறார் அந்த மகன். மிரண்டுபோன ஸாபித் ஆயிரம் தலாக் என்று சொல்லிவிட்டு வெளியே ஓடிவந்தார். மக்கா செல்லும் வழியில் இப்னு உமர் (ரலி) அவர்களைக் கண்டு நடந்ததைச் சொல்ல, அவர்களுக்குக் கோபம் வந்தது. இது தலாக்கே அல்ல, மனைவி உனக்கு ஹராமாகவில்லை, திரும்பிப் போ என்றார்கள். ஸாபித்துக்கு மனம் ஆறவில்லை. அப்போது மக்காவில் அதிகாரத்தில் இருந்த அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களிடமும் போனார். அவர்களும் அதையே சொன்னதோடு, மிரட்டியவரைத் தண்டித்து ஸாபித்தையும் மனைவியையும் சேர்த்துவைக்கும்படி மதீனா ஆளுநருக்குக் கடிதமும் எழுதினார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களின் மனைவியே அந்தப் பெண்ணை அலங்கரித்துக் கணவனிடம் அனுப்பிவைத்தார். பின்னர் ஸாபித் வலீமா விருந்து வைத்து இப்னு உமர் (ரலி) அவர்களையும் அழைத்தார், அவர்களும் வந்தார்கள்.

கணவன் மனைவி விவகாரம், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் அப்பாஸிகளின் பிரமாணத்தை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஆளுநர்களுக்கு ஏன் உறக்கம் கெட்டது என்பது புரியும். மிரட்டி வாங்கிய தலாக் செல்லாது என்றால், தலாக்கைப் பிணையாக வைத்து மிரட்டி வாங்கிய பைஅத்தும் செல்லாது.

ஹிஜ்ரி 145-ல் (கி.பி. 762) அது வெடித்தது. நபி (ஸல்) அவர்களின் பேரர் ஹஸன் (ரலி) அவர்களின் வழிவந்த முஹம்மத், நஃப்ஸுஸ் ஸகிய்யா என்று மக்களால் அழைக்கப்பட்டவர், மதீனாவில் மன்சூருக்கு எதிராக எழுந்தார். மதீனாவாசிகள் தயங்கினார்கள். எங்கள் கழுத்தில் மன்சூருக்குக் கொடுத்த பைஅத் இருக்கிறதே என்று இமாமிடம் கேட்டார்கள். நீங்கள் நிர்ப்பந்தத்தில் கொடுத்தீர்கள், நிர்ப்பந்திக்கப்பட்டவர் மீது சத்தியம் இல்லை என்று பதில் கிடைத்தது. மக்கள் திரண்டு போனார்கள். இமாம் போகவில்லை, வீட்டில் இருந்துவிட்டார்கள். வாளெடுங்கள் என்று அவர்கள் சொல்லவும் இல்லை. கேட்கப்பட்ட கேள்விக்கு மார்க்கம் என்ன சொல்கிறதோ அதைச் சொன்னார்கள். இதைத் துணிச்சல் என்றும் சொல்லலாம், எச்சரிக்கை என்றும் சொல்லலாம். இரண்டுமே இருந்தன என்றே நமக்குப் படுகிறது.

அந்த ரமளானிலேயே எழுச்சி நசுக்கப்பட்டது, நஃப்ஸுஸ் ஸகிய்யா கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு கலீஃபாவின் சிற்றப்பா மகன் ஜஅஃபர் இப்னு ஸுலைமான் ஆளுநராக வந்தார். பைஅத்துகளை மாலிக் மதிப்பதில்லை என்று அவரிடம் கோள் போயிற்று. அந்தச் செய்தியை அறிவிக்காதீர்கள் என்று மேலிடம் முன்பே தடுத்திருந்ததாகவும், பிறகு ஆள் வைத்துக் கேட்டபோது மக்கள் முன்னிலையிலேயே இமாம் அதை அறிவித்ததாகவும் வரலாற்றில் வருகிறது. ஜஅஃபர் அவர்களைப் பிடித்துவரச் செய்து, மேலாடை களைந்து, கைகளை இழுத்துப் பிடிக்கவைத்துச் சவுக்கால் அடித்தார். தோள்மூட்டு இடம் பெயர்ந்தது. பிறகு ஊர்வலமாகக் கொண்டுபோனபோது, தம் பெயரைச் சொல்லி, நிர்ப்பந்தத் தலாக் ஒன்றுமே இல்லை என்று உரக்க அறிவித்துக்கொண்டே போனார்களாம். அறிவிக்கக் கூடாது என்று தடுத்த செய்தி அன்று தெருத்தெருவாகப் போய்ச் சேர்ந்தது. ஊர்வலம் உடனே நிறுத்தப்பட்டது.

இதே மஸ்அலாவில் ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு வேறு. மிரட்டலில் சொன்னாலும் தலாக் நிகழ்ந்துவிடும் என்பது அவர்களின் நிலை, அதற்கு அவர்களிடம் ஆதாரமும் உண்டு. ஆகவே ஜஅஃபர் கொண்டுவந்தது மார்க்கத்தில் இல்லாத கருத்து என்று சொல்லிவிட முடியாது. அறிஞர்கள் தமக்குள் வேறுபட்டுப் பேசவேண்டிய ஒரு விஷயத்தைச் சவுக்கைக் கொண்டு முடித்துவைக்கப் பார்த்ததுதான் அவர் செய்தது.

அடித்தவர்களுக்குப் பெயர் கெட்டது, அடிபட்டவரின் மதிப்பு உயர்ந்தது. ஹஜ்ஜுக்கு வந்த மன்சூர் இமாமிடம் வருத்தம் தெரிவித்தார், நான் ஏவவில்லை, எனக்குத் தெரியாது என்றார், ஆளுநரைப் பழிவாங்க உரிமை தருவதாகவும் சொன்னார். இமாம் மறுத்துவிட்டார்கள். நபி (ஸல்) அவர்களுக்கும் ஜஅஃபருக்கும் உள்ள இரத்த உறவுக்காக மன்னித்துவிட்டதாகச் சொன்னார்கள்.

இரண்டாவது ஆணை அன்பளிப்பாக வந்தது. அதனால்தான் அதை மறுப்பது இன்னும் கடினம்.

மன்சூருக்கு ஒரு நிர்வாகத் தலைவலி இருந்தது. பேரரசு பெரிது, காழிகளின் தீர்ப்புகளோ ஊருக்கு ஊர் வேறு. கலீலா வ திம்னாவை அரபியில் தந்த இப்னுல் முகஃப்பஃ இதைப் பற்றி ஒரு நீண்ட மடலே எழுதியிருக்கிறார். ஓர் ஊரில் ஆகுமான திருமணம் பக்கத்து ஊரில் ஆகாது, கூஃபாவுக்குள்ளேயே ஒரு தெருவின் தீர்ப்பு மறு தெருவில் செல்லாது, எனவே கலீஃபாவே ஒரு முடிவை எடுத்துச் சட்டமாக்கிவிட வேண்டும் என்பது அவர் ஆலோசனை. வழக்குமன்ற வாசலில் அலைந்தவர்களுக்கு இந்த வாதம் புரியும். ஒரே குற்றத்துக்கு இரண்டு தீர்ப்பு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

மன்சூர் மாலிக்கிடம் வந்து தம் விருப்பத்தைச் சொன்னார். முவத்தாவைப் பிரதியெடுத்து ஒவ்வொரு நகரத்துக்கும் அனுப்புகிறேன், இதன்படியே நடக்கவேண்டும், வேறெதையும் பார்க்கக் கூடாது என்று ஆணையிடுகிறேன் என்றார். இந்தப் பேச்சை மஹ்தியோடும் ஹாரூன் ரஷீதோடும் இணைத்துச் சொல்லும் அறிவிப்புகளும் உண்டு. எந்த நூலாசிரியருக்குத்தான் ஆசை வராது? அதுவும், ஒரு காலத்தில் தோளை முறித்த ஆட்சியே வந்து தன் நூலைத் தலையில் வைத்துக்கொள்கிறேன் என்னும்போது!

வேண்டாம் என்றார்கள் இமாம். நபித்தோழர்கள் பல நாடுகளுக்கும் பரவிச் சென்றுவிட்டார்கள், ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் ஒரு கல்வி போய்ச் சேர்ந்திருக்கிறது, அதை நம்பி அமல் செய்கிறார்கள், அதிலிருந்து அவர்களைப் பிடுங்குவது கடினம், ஒவ்வோர் ஊராரையும் அவர்கள் தேர்ந்துகொண்டதிலேயே விட்டுவிடுங்கள் என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம்.

எல்லாக் கருத்தும் சரிதான் என்று நினைத்தவர் அல்லர் இமாம். மதீனாவாசிகளின் நடைமுறையே நபிவழிக்கு மிக நெருக்கமானது என்பதில் அவர்களுக்கு இம்மியளவும் சந்தேகம் இல்லை. எகிப்தின் பேரறிஞர் லைஸ் இப்னு ஸஅத் மதீனாவுக்கு மாறாக ஃபத்வா கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, மக்கள் மதீனாவைத்தான் பின்பற்ற வேண்டும் என்று அவருக்குக் கடிதம் எழுதினார்கள். லைஸ் மிகுந்த மரியாதையோடு, ஆனால் விட்டுக்கொடுக்காமல் ஒவ்வொன்றாகப் பதில் எழுதினார். இரண்டு கடிதங்களும் இன்றும் இருக்கின்றன. தம் கருத்தே சரி என்று கடிதம் எழுதி வாதாடியவர், அதே கருத்தை அரச முத்திரையோடு அனுப்ப மறுத்தார்.

இதன் பலன் அவர்களுடைய மாணவர்களிடம் தெரிகிறது. முவத்தாவை மனனம் செய்துகொண்டு மக்காவிலிருந்து வந்த இளைஞர் ஷாஃபிஈ, பிற்காலத்தில் ஆசிரியருடன் பல மஸ்அலாக்களில் மாறுபட்டார். அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர் முஹம்மத் ஷைபானி மதீனாவில் தங்கி முவத்தாவைக் கேட்டு, அதைத் தாமே அறிவிக்கவும் செய்தார், தமக்கு உடன்பாடில்லாத இடங்களையும் அதிலேயே குறித்துவைத்தார். முவத்தா அன்று சட்டமாகியிருந்தால் இவர்கள் இருவரும் குற்றவாளிகள்.

இமாமின் விருப்பத்தை அவர்களின் மத்ஹபே எல்லா இடத்திலும் காத்தது என்றும் சொல்ல முடியாது. அந்தலூஸில் உமையா அமீர்கள் மாலிகி மத்ஹபையே அரசின் மத்ஹபாக ஆக்கினார்கள். கிழக்கே ஹாரூனின் காலத்தில் தலைமைக் காழியான அபூ யூஸுஃப் மூலம் ஹனஃபி தீர்ப்புகள் பரவின. அதிகாரம் ஏதாவதொரு மத்ஹபின் பக்கம் சாயாமல் இருந்த காலம் குறைவுதான்.

ஹிஜ்ரி 179-ல் (கி.பி. 795) இமாம் வஃபாத்தாகி ஜன்னத்துல் பகீஇல் அடக்கப்பட்டார்கள். அவர்களின் இறுதிக் காலத்தில் ஹாரூன் ரஷீத் மதீனா வந்தபோது, அரண்மனைக்கு வந்து கற்றுத்தரும்படி ஆளனுப்பினார். கல்வியைத் தேடித்தான் வரவேண்டும் என்று பதில் போனது. ஹாரூன் தம் மகன்கள் அமீனையும் மஃமூனையும் கூட்டிக்கொண்டு வந்து முவத்தாவைக் கேட்டார் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள்.

அந்தச் சிறுவன் மஃமூன் பின்னாளில் கலீஃபாவானார். ஹிஜ்ரி 218-ல், குர்ஆன் படைக்கப்பட்டது என்ற கொள்கையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று காழிகளையும் ஹதீஸ் அறிஞர்களையும் விசாரிக்க ஆணையிட்டார். பக்தாதில் வரிசையில் நிறுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் பயந்து ஒப்புக்கொண்டார்கள். மறுத்தவர்களில் ஒருவர் ஷாஃபிஈயின் மாணவர், அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்). மஃமூன் இறந்தபின் அடுத்த கலீஃபா முஃதஸிமின் முன்னிலையில் அவர்களுக்கும் சவுக்கடி விழுந்தது. அடித்த கலீஃபாவை அவர்களும் மன்னித்தார்கள்.