பெர்க்கின் தந்த சாயமும் நமக்கு விட்ட கடனும்

நாம் நாடோறும் உடுக்கும் ஆடைகளின் வண்ணங்கண்டு மகிழ்கின்றோம். அவ்வண்ணங்கட்கு வழி திறந்தவர் நம்மைப் போன்ற ஓர் இளமாணவரே என்பதை நம்மிற் பலர் அறியோம். அவரே ஸர் வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்பார்.

இவர் 1838-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 12-ஆம் நாள், இலண்டன் மாநகரில், தச்சுத் தொழில் வல்ல ஒருவரின் மகனாய்த் தோன்றினார். பதினைந்தாம் வயதிலேயே அந்நகரத்து இராயல் இரசாயனக் கல்லூரியிற் சேர்ந்து, ஹாப்மன் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர்க்கு மாணாக்கரானார். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய கொய்னாவைச் செயற்கையாய் ஆக்கலாகுமோ என்பது ஆசிரியரின் ஆவல். 1856-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில், தம் வீட்டு மேல்மாடத்துச் சோதனைச் சாலையில் மாணவர் அதற்கு முயன்றார். கொய்னா கிட்டவில்லை, அனிலீனோடு பொட்டாசியம் டைகுரோமேட் சேர்ந்து கரிய வண்டலாயிற்று. பிறராயின் அதனைக் கொட்டியிருப்பர். இவரோ அதனைச் சாராயத்திற் கரைத்து நோக்கினார். அழகிய ஊதா நிறம் தோன்றிற்று. பட்டிற் தோய்த்த அந்நிறம் சோப்புக்கும் வெயிலுக்கும் எளிதில் அசையவில்லை.

ஆசிரியர் விரும்பாதிருந்தும் கல்லூரியை விட்டு, தந்தையாரின் பொருளும் தமையனாரின் துணையும் கொண்டு, 1857-ல் கிரீன்போர்டு என்னுமிடத்தில் கால்வாய்க் கரையருகே தொழிற்சாலை நிறுவினார். அந்நிறத்தின் புகழ் ஓங்கிற்று. 1874-ல் தொழிலை விற்று, எஞ்சிய நாட்களை ஆராய்ச்சிக்கே ஈந்தார். 1906-ல் ஸர் பட்டம் பெற்று, 1907 ஜூலை 14-ல் மறைந்தார்.

அவர் கதை முடிந்தது. அவர் தொடங்கிய வினை முடிந்திலது. தொட்டியில் இட்ட சாயம் முழுதும் துணியிற் பற்றுவதில்லை. எஞ்சியது கழிவுநீரோடு செல்கின்றது. வெயிலுக்கும் சோப்புக்கும் அசையாமை துணிக்குச் சிறப்பு. ஆற்றுக்கோ அதுவே கேடு. நம் நொய்யலாறு இதற்குச் சான்று. அதன் பொருட்டே 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயச் சாலைகளை மூடுமாறு சென்னை உயர்நீதி மன்றம் ஆணையிட்டது.

இதற்கு மருந்தொன்று பெர்க்கின் வாழ்நாளிலேயே பிறந்திருந்தமை வியப்பே. 1894-ல் கேம்பிரிட்ஜைச் சார்ந்த பென்ட்டன் என்பார், சிறிது இரும்பு உப்பு உடனிருப்பின் ஹைட்ரஜன் பெராக்ஸைடு டார்ட்டாரிக் அமிலத்தை விரைந்து மாற்றுமெனக் காட்டினார். அம்முறையே பிற்காலத்திற் சாயநீருக்கும் பயன்படலாயிற்று. புளிப்பேற்றிய சாயநீரில் இரும்பு பெராக்ஸைடைப் பிளக்க, ஹைட்ராக்ஸில் என்னும் கணப்பொழுதே வாழும் கூறு பிறந்து, சாயத்தின் கட்டுக்களை அறுத்தெறிகின்றது. இரும்போ தன் பழைய நிலைக்கு மெல்ல மீண்டு, மறுபடியும் அப்பணியைச் செய்கின்றது. இதனாலன்றோ அது வினையூக்கி எனப்படுகின்றது!

எனினும் நாம் ஏமாறலாகாது. நிறம் நீங்கினும், சாயமேற்றச் சேர்த்த உப்பு நீரிலேயே நிற்கும். இரும்பு வண்டலும் எஞ்சும். தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று.

கரிய வண்டலைக் கொட்டாது உற்று நோக்கியதாலன்றோ பெர்க்கின் பெரியாரானார்? அவர் வழி வந்த சாயத்தை உடுக்கும் நாம், ஆற்றிற் கொட்டிய வண்டலை நோக்காது செல்லுதல் தகுமோ?