இரட்டையரில் ஒருவர்!

குட்டீஸ்! உங்கள் பள்ளியில் இரட்டையர் யாராவது படிக்கிறார்களா? ஆசிரியர் பெயரை மாற்றிக் கூப்பிடுவார். ஒருவன் செய்த குறும்புக்கு இன்னொருவன் திட்டு வாங்குவான். பார்க்கிற நமக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால், நீ அவனா, இவனா என்ற கேள்வியைத் தினமும் கேட்டுக்கொண்டே வளர்வது சுலபமில்லை. எப்போதும் இன்னொருவரோடு ஒப்பிட்டுத்தானே பேசுவார்கள்!

அப்படி வளர்ந்து, உலகப் புகழ் பெற்ற ஒரு விஞ்ஞானியைத்தான் இன்று சந்திக்கப் போகிறீர்கள். அவர் பெயர் அகஸ்ட் பிக்கார்ட்.

சுவிட்சர்லாந்து நாட்டின் பாசெல் நகரில், 1884ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் தேதி பிறந்தார். அதே நாளில் அவருடன் பிறந்தவர் ழான் பிக்கார்ட். இருவரும் ஒரே கரு இரண்டாகப் பிரிந்து உருவான இரட்டையர். இப்படிப்பட்டவர்கள்தான் அச்சு அசலாக ஒரே மாதிரி இருப்பார்கள். ஆயிரம் பிரசவங்களில் மூன்று அல்லது நான்கில்தான் இப்படி அமையும்!

இந்த இரட்டையர் பற்றி ஒரு வேடிக்கைக் கதை சொல்வார்கள். ஒருவர் முடிதிருத்தும் கடைக்குப் போய், தனக்குத் தாடி மிக வேகமாக வளரும் என்று சொல்லிவிட்டுச் சவரம் செய்துகொண்டாராம். கடைக்காரர் தன் வேலையில் குறையே இருக்காது என்று உறுதி கொடுத்து அனுப்பினாராம். சில மணி நேரத்தில் இன்னொருவர் தாடியோடு வந்து நின்றாராம். கடைக்காரர் முகம் எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்!

அப்பா ஜூல்ஸ் பிக்கார்ட், பாசெல் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர். அதனால் வீட்டிலேயே அறிவியல் பேச்சுதான். இருவரும் சூரிச் நகரில் உயர்கல்வி படித்தார்கள். ஆனால், அங்கே பாதை பிரிந்தது. அகஸ்ட் இயந்திரப் பொறியியல் படித்தார். ழான் வேதியியல் பொறியியலை எடுத்துக்கொண்டார்.

பாடம் வேறானாலும் ஆசை ஒன்றுதான். அது பலூன்! 1913ஆம் ஆண்டு இருவரும் ஒன்றாக பலூனில் ஏறி, 16 மணி நேரம் வானில் பறந்தார்கள். 1915இல் சுவிஸ் ராணுவத்தின் பலூன் பிரிவில் சேர்ந்தார்கள்.

பிறகு ழான் அமெரிக்கா சென்றார். அகஸ்ட் 1922இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். இப்போது இருவருக்கும் நடுவே ஒரு பெருங்கடல்!

விண்வெளியிலிருந்து பூமியை நோக்கி வரும் காஸ்மிக் கதிர்களை ஆராய விரும்பினார் அகஸ்ட். அதற்கு மிக உயரத்துக்குப் போக வேண்டும். ஆனால், 16 கிலோமீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான். சாதாரண பலூன் கூடையில் போனால் உயிர் தங்காது. அகஸ்ட் என்ன செய்தார் தெரியுமா? சுமார் 2 மீட்டர் அகலமுள்ள அலுமினியக் கோளம் ஒன்றைச் செய்தார். உள்ளே காற்றை அடைத்து, கதவை இறுக மூடிக்கொள்ளலாம். இன்று விமானத்தில் நாம் மூச்சுத் திணறாமல் போகிறோமே, அதற்கும் இதே தத்துவம்தான்!

1931ஆம் ஆண்டு மே 27ஆம் தேதி அதிகாலை. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்து அகஸ்டும், உதவியாளர் பால் கிப்ஃபரும் கிளம்பினார்கள். கிளம்பியதும் ஆபத்து! கோளத்தில் ஓட்டை இருந்தது. காற்று வெளியேறத் தொடங்கியது. வாசலினைப் பூசி ஓட்டையை அடைத்து உயிர் பிழைத்தார்கள். 15,781 மீட்டர் உயரத்தைத் தொட்டார்கள். அதுவரை எந்த மனிதரும் போகாத உயரம் அது!

அடுத்த சோதனை காத்திருந்தது. கீழே இறங்குவதற்கு வாயுவை வெளியேற்றும் வால்வின் கயிறு சிக்கிக்கொண்டது. இறங்க வழியில்லை. வெயிலில் கோளம் கொதித்தது. தாகம் தாங்காமல், சுவரில் படிந்த ஈரத்தைச் சேர்த்துக் குடித்தார்கள். இருவரும் இறந்திருப்பார்கள் என்றே பலர் முடிவு கட்டிவிட்டார்கள். மாலையில் பலூன் வாயு குளிர்ந்தபோதுதான் மெல்ல இறங்கி, ஆஸ்திரியாவில் ஒரு பனிமலை மேல் வந்து சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டே மீண்டும் பறந்து 16,201 மீட்டரை எட்டினார் அகஸ்ட்!

சரி, ழான் என்ன ஆனார்? உலகமெங்கும் அகஸ்ட் பெயர் ஒலித்தது. ழானை அவருடைய சகோதரர் என்றுதான் பலரும் அறிந்தார்கள். கையில் நல்ல வேலையும் இல்லாத காலம் அது. ஆனாலும் அவர் சோர்ந்து உட்காரவில்லை. அவரும் மனைவி ஜெனெட்டும் சேர்ந்து பறக்கத் திட்டமிட்டார்கள். ஜெனெட் பலூன் ஓட்டக் கற்று உரிமமும் பெற்றார். மூன்று பிள்ளைகளின் தாய் இப்படி உயிரைப் பணயம் வைக்கலாமா என்று சொல்லி, சில பெரிய அமைப்புகள் உதவ மறுத்தன. அவர்கள் பின்வாங்கவில்லை. 1934ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி ஜெனெட் பலூனை ஓட்ட, இருவரும் 17,550 மீட்டர் உயரம் போனார்கள். கூடவே ஒரு செல்ல ஆமையும் போனது! இது அகஸ்ட் தொட்டதைவிட அதிக உயரம், கவனித்தீர்களா?

பிற்காலத்தில் மெல்லிய பிளாஸ்டிக்கால் ஆராய்ச்சி பலூன்கள் செய்யும் முறையை உருவாக்கியதில் ழானுக்கு முக்கியப் பங்கு உண்டு.

அகஸ்டோ, வானத்தை விட்டுக் கடலுக்குத் திரும்பினார். பலூன் தத்துவத்தையே தண்ணீருக்குள் பயன்படுத்தினார். வாயுவுக்குப் பதில் தண்ணீரைவிட லேசான பெட்ரோல். அதன் அடியில் தடித்த இரும்புக் கோளம். மேலே வர வேண்டுமா? எடைக்காக வைத்திருக்கும் இரும்புக் குண்டுகளைக் கொட்டிவிட வேண்டியதுதான்! 1953இல், தன் 69ஆவது வயதில், மகன் ழாக்குடன் 'டிரியெஸ்ட்' என்ற கலத்தில் இத்தாலி அருகே 3,150 மீட்டர் ஆழம் போய்த் திரும்பினார். அதே கலத்தில்தான் 1960ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் தேதி, ழாக்கும் அமெரிக்கக் கடற்படையின் டான் வால்ஷும் பசிபிக் பெருங்கடலின் மிக ஆழமான இடத்தை, சுமார் 10,900 மீட்டரை, அடைந்தார்கள்.

டின்டின் காமிக்ஸ் படிப்பீர்களா? அதில் வரும் பேராசிரியர் கால்குலஸ், அகஸ்டைப் பார்த்து உருவாக்கப்பட்டவர்தான்! ஆனால், நிஜ அகஸ்ட் மிக உயரமானவர். படக்கட்டத்துக்குள் அடங்க வேண்டுமே என்று ஓவியர் ஹெர்ஜே அவரைக் குள்ளமாக்கிவிட்டார்.

1962ஆம் ஆண்டு மார்ச் மாதம் அகஸ்ட் மறைந்தார். பத்து மாதங்களுக்குப் பிறகு ழானும் மறைந்தார். அது எந்த நாள் தெரியுமா? 1963ஆம் ஆண்டு ஜனவரி 28. இருவருக்கும் சொந்தமான அதே பிறந்தநாள்!

குட்டீஸ், ஒரே முகம் கொண்ட இருவர். ஒருவர் முன்னே போனபோது இன்னொருவர் பொறாமையில் புழுங்கவில்லை. அவர் நிழலில் ஒதுங்கியும் நிற்கவில்லை. தனக்கென்று ஒரு வழியைத் தேடினார். உங்கள் அண்ணனோடோ, அக்காவோடோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடோ யாராவது உங்களை ஒப்பிட்டால், இந்த இரட்டையரை நினைத்துக்கொள்ளுங்கள். வானத்தில் எல்லோருக்கும் இடம் இருக்கிறது!